வேலிக்கல்லில் இருந்து தொடங்கும், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

நெடுந்தீவில் அன்பியக் கூட்டங்களுக்கு இறைவார்த்தைத் தியானம் நடத்தும் பொறுப்பை ஏற்றிருக்கிறீர். தவக்காலம் முழுவதற்கும் 119ஆம் திருப்பாடலையே எடுத்துக்கொள்ளப் போவதாக எழுதியிருந்தீர். நல்ல தெரிவு, கடினமான தெரிவும் கூட. ஊர்காவற்றுறையிலும் நயினாதீவிலும் இதே பணிக்கு வந்திருக்கும் இளையோருக்கும் பயன்படட்டும் என்று இதைப் பகிரங்கக் கடிதமாகவே எழுதுகிறேன்.

விவிலியத்தில் உள்ள மிக நீண்ட அதிகாரம் அது. மொத்தம் 176 வசனங்கள். எபிரேய நெடுங்கணக்கின் 22 எழுத்துகளுக்கும் எழுத்துக்கு எட்டு வசனங்கள் அமைந்திருக்கின்றன. எங்கள் ஆத்திசூடி அகர வரிசையில் போவது போல, அதுவும் எழுத்து வரிசையில் போகிறது. ஏறக்குறைய ஒவ்வொரு வசனத்திலும் கடவுளின் சட்டம் ஏதோ ஒரு பெயரில் வந்துவிடும். ஓட்டமாக வாசித்தால் சொன்னதையே சொல்வது போலச் சலிப்புத் தட்டும். அதனால் ஒரு நாளைக்கு எட்டு வசனத்துக்கு மேல் போக வேண்டாம். வாய்விட்டு, மெதுவாக, மூன்று நான்கு தரம் வாசியும். படகில் போகும்போதும் கிணற்றடியில் நிற்கும்போதும் தானாக நாவில் வரும் வரை வாசியும். இரண்டாம் எட்டு, இளைஞன் ஒருவன் தன் வழியைத் தூய்மையாகக் காப்பது எப்படி என்ற கேள்வியோடு தொடங்குகிறது. அதை உம்முடைய கேள்வியாகவே எடுத்துக்கொள்ளும்.

ஊரவர் முன் வேதம் பேச நீர் குருவானவராக இருக்கத் தேவையில்லை. 1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் கையில் விழுந்தபின் கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது, குருமார் துரத்தப்பட்டனர். 1687இல் கோவாவிலிருந்து மறைவாக வந்து சேர்ந்த யோசேப் வாஸ் அடிகளார், ஊர்களில் மூப்பரையும் அண்ணாவியையும் ஏற்படுத்திச் செபத்தையும் மறைக்கல்வியையும் அவர்களிடம் ஒப்படைத்தார். 2015 ஜனவரி 14இல் காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அந்த அண்ணாவிமார் வழியில் வந்தவர் நீர். அவர்கள் ஊரோடு வாழ்ந்தவர்கள். சொல்லையும் நடத்தையையும் ஒப்பிட்டுப் பார்க்க ஊரால் முடிந்தது. உம்மையும் அப்படித்தான் பார்ப்பார்கள்.

இனி முக்கியமான விஷயம். இந்தத் திருப்பாடல் சட்டத்தைப் போற்றுகிறது, நேசிக்கிறது, அதற்காக அழுகிறது. ஆனால் எந்தச் சட்டம் என்று ஒவ்வொன்றாகச் சொல்வதில்லை. இங்கேதான் தியானம் நடத்துவோர் பலர் அழகான பொதுப் பேச்சுக்குள் வழுக்கி விழுகிறார்கள். ஒவ்வோர் எட்டுக்கும் பக்கத்தில் ஒரு கட்டளையை வைத்து வாசியும். அது உம் ஊர் மண்ணைத் தொடும் கட்டளையாக இருக்கட்டும்.

இணைச்சட்டம் 19ஆம் அதிகாரத்தில், அயலானின் எல்லைக்கல்லை நகர்த்துவதற்குத் தடை இருக்கிறது. நெடுந்தீவின் கல்வேலிகளைப் பாரும். முருகைக்கல்லைச் சாந்து இல்லாமல் அடுக்கிய வேலிகள். ஓர் இரவில் இரண்டு முழம் தள்ளி அடுக்கிவிடலாம். 1990களில் தீவுகளை விட்டுப் போன எத்தனையோ குடும்பங்களின் வளவுகள் இன்று ஆளில்லாமல் கிடக்கின்றன. அந்த வளவுகளின் முன்னால் நின்று இந்தக் கட்டளையை வாசியும். சட்டத்தை நேசிக்கிறேன் என்று செபிக்கும் வாய்க்கு, அந்த இடத்தில்தான் அர்த்தம் விளங்கும்.

விடுதலைப் பயணம் 23ஆம் அதிகாரம், பகைவனின் மாடோ கழுதையோ வழிதவறித் திரிந்தால் கொண்டுபோய் விடச் சொல்கிறது. கட்டாக்காலி மாடுகள் திரியும் ஊரில் இது தூரத்துக் கதையல்ல. இணைச்சட்டம் 24, ஏழைக் கூலியாளின் கூலியைப் பொழுது சாயுமுன் கொடுக்கச் சொல்கிறது. சம்மாட்டியும் தொழிலாளியும் ஒரே அன்பியத்தில் அடுத்தடுத்து இருந்து கேட்கும்போது, நீர் யார் முகத்தையும் பார்த்துச் சொல்ல வேண்டாம். வசனத்தை வாசித்துவிட்டு அமைதியாக இரும். லேவியர் 19, அந்நியனையும் உன்னைப் போல நேசிக்கச் சொல்கிறது. குறிகட்டுவானில் உம்மோடு இறங்குதுறையில் நிற்பவர்களில் நாகபூசணி அம்மனைத் தரிசிக்கப் போகிறவரும் நாகவிகாரைக்குப் போகிறவரும் இருப்பார்கள். அவர்களுக்கு இடம்விட்டு, மூட்டையைத் தூக்கிக் கொடுக்கும்போது அந்த அதிகாரம் உமக்குள் இறங்கும்.

161ஆம் வசனத்துக்கு வரும்போது கவனமாக இரும். அதிகாரத்தில் இருப்போர் காரணமின்றித் தன்னைத் துன்புறுத்துவதாகப் பாடகர் அங்கே சொல்கிறார். நெடுந்தீவில் அதை வாசித்தால் 1985 மே 15 நினைவுக்கு வரும். குமுதினிப் படகில் பயணித்தவர்கள் பலர், பெண்களும் கைக்குழந்தையும் உட்பட, வெட்டிக் கொல்லப்பட்ட நாள் அது. அங்கே விளக்கம் வேண்டாம், மன்னிப்பைப் பற்றிய அவசரப் பேச்சும் வேண்டாம். உறவுகளை இழந்தவர்கள் பெயர்களைச் சொல்லட்டும், அழட்டும். பிறகு கொலையைத் தடுக்கும் ஐந்தாம் கட்டளையை வாசியும். எவருடைய கையில் ஆயுதம் இருந்தாலும் அந்தக் கட்டளை ஒன்றே.

இறைவார்த்தையை வாசித்துத் தியானிக்க, வாசிப்பு, தியானம், செபம், ஆழ்நிலைத் தியானம் என்று நான்கு படிகளை 12ஆம் நூற்றாண்டுத் துறவி இரண்டாம் குய்கோ வகுத்தார். இந்தத் தியான வாசிப்பு செயலாக மாறும் வரை முடிவதில்லை என்று திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2010இல் எழுதினார். இதை உம் கூட்டத்தின் விதியாக வைத்துக்கொள்ளும். ஒவ்வொரு கூட்டத்தின் முடிவிலும், இந்தக் கிழமை யாருக்கு என்ன செய்யப் போகிறோம் என்று ஒவ்வொருவரும் மனதுக்குள் ஒரு முடிவெடுக்கட்டும்.

இன்னொன்று. 175 வசனங்கள் சட்டத்தைப் போற்றிய பாடகர், கடைசி வசனத்தில் வழிதவறிய ஆடாகத் தன்னைக் கண்டு, தேடி வரும்படி கடவுளைக் கேட்கிறார். வாழ்நாள் முழுதும் தியானித்தவருக்கும் சேர வேண்டிய இடம் அதுதான். ஆகையால் சட்டத்தைக் கைக்கொண்டு முடித்தவர் போல ஒருநாளும் பேச வேண்டாம். பிறர் குற்றத்தைச் சுட்ட ஒரு வசனத்தையும் கையில் எடுக்க வேண்டாம்.

முதலாம் கூட்டத்துக்கு முன், எட்டு வசனத்தையும் ஒரு கட்டளையையும் எடுத்துக்கொண்டு உம் சொந்த வளவைச் சுற்றி நடந்து பாரும். கொடுக்க வேண்டிய கடன் இருந்தால் கொடும். பேசாமல் விட்ட அயலவர் இருந்தால் போய்ப் பேசும். அதன்பிறகு விவிலியத்தைத் திறந்து மக்கள் முன் நில்லும். நீர் சொல்வதை அவர்கள் கேட்பார்கள்.

அன்புடனும் செபத்துடனும்,
உம் மூத்த மறையாசிரியர் ஒருவர்