பொதி கொடுத்தபின் தொடங்கும் பாடம்

நத்தார் காலம் வந்துவிட்டால் பிள்ளைகள் வீடு வீடாக அரிசி, சீனி, பழைய உடுப்புச் சேர்ப்பது நாம் அறிந்த காட்சி. குண்டசாலையிலிருந்து ஒரு வான் பிடித்து, திகனை, தெல்தெனிய தாண்டி ரங்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றுக்குப் போய், லயத்து வாசலில் பொதிகளைக் கொடுத்து, படமும் எடுத்துக்கொண்டு மாலையில் திரும்பிவிடலாம். நல்ல காரியந்தான். ஆனால் அன்று பிள்ளை கற்றது என்ன? "நாங்கள் கொடுப்பவர்கள், அவர்கள் வாங்குபவர்கள்" என்பதை மட்டுமே கற்று வந்திருந்தால், பெற்றோரே, அந்தப் பயணம் நடவாதிருந்தாலே நன்று.

1971-ம் ஆண்டு உரோமையில் கூடிய ஆயர் மாமன்றம் 'உலகில் நீதி' என்ற ஏட்டை வெளியிட்டது. நீதிக்காக உழைப்பது நற்செய்தி அறிவிப்போடு பிரிக்கமுடியாதபடி சேர்ந்தது என்று அது கூறிற்று. நடைமுறைக் கல்வி தன்னலத்தையே வளர்க்கிறதென்ற கண்டனமும் அதில் உண்டு. பாடசாலைகளால் பெயர் பெற்ற நமக்கு அது சற்றுச் சுடத்தான் செய்யும்.

அடுத்த ஆண்டே, 1972-ல், இயேசு சபைக் குருவான போல் கஸ்பர்ஸ் அடிகளார் கண்டியில் சத்தியோதயம் என்ற இல்லத்தைத் தொடங்கினார். சிங்களவரும் தமிழரும், பௌத்தரும் இந்துக்களும் கிறிஸ்தவரும் அங்கே கூடி வாழ்ந்து, தோட்ட மக்களின் வாழ்வைக் கற்று, அவர்களோடு உழைத்தார்கள். அடிகளார் 2017-ல் இறைவனடி சேர்ந்தார். 'இந்த மக்கள் ஏன் இப்படி வாழ வேண்டியிருக்கிறது?' என்று அவ்வில்லம் கேட்ட கேள்வியையே நம் மாணவரும் கேட்கப் பழக வேண்டும்.

எப்படிப் பழக்குவது? பொதியோடு ஓர் அளவுநாடாவையும் கொடுத்தனுப்புங்கள். வீட்டுக்காரரின் அனுமதியோடு பிள்ளைகள் பழைய லயக் காம்பரா ஒன்றை அளக்கட்டும். பத்தடிக்குப் பன்னிரண்டடி என்பது வெகுகாலமாக வழங்கிவந்த அளவு. அதற்குள் எத்தனை பேர் உறங்குகிறார்கள்? பரம்பரையாக வாழ்ந்தும் காணி உறுதி ஏன் இல்லை? இங்கேதான் வரலாற்றுப் புத்தகத்தைத் திறக்க வேண்டும். 1948-ன் பிரசாவுரிமைச் சட்டத்தால் தோட்ட மக்களில் மிகப் பெரும்பாலோர் நாடற்றோர் ஆனார்கள். 1964-ன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. மீதி 1,50,000 பேரை இரு நாடுகளும் 1974-ல் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டன. அந்த மக்களை யாரும் கேட்கவில்லை. எஞ்சியிருந்தோருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003-ல்தான் வந்தது. வாக்கில்லாதவர் வாசலுக்கு ரோட்டுப் போட எந்த எம்.பி. வருவார்?

இன்னொன்று, அரைப் பேர். மலையில் நாள் முழுவதும் நின்றும் கொழுந்து நிறுவை குறைந்தால் பாதி நாள் சம்பளமே விழும். இதைக் கொழுந்தெடுக்கும் ஒரு தாயின் வாயாலேயே மாணவர் கேட்கட்டும். பிறகு மறைக்கல்வி வகுப்பில் மத்தேயு 20-ம் அதிகாரத்தை வாசிக்கட்டும். கடைசி ஒரு மணி நேரம் மட்டுமே உழைத்தவனுக்கும் தோட்டக்காரர் முழு நாட்கூலி கொடுக்கிறார். அவர் நிறுவையைப் பார்த்தாரா, அன்றிரவு அந்த வீட்டில் எரிய வேண்டிய அடுப்பைப் பார்த்தாரா? "காலையிலிருந்து உழைத்தவனுக்கு இது அநியாயமல்லவா?" என்று ஒரு பையன் நிச்சயம் கேட்பான். ஆசிரியர் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லாதிருப்பாராக. வகுப்பே வாதாடட்டும்.

நம் பௌத்த சகோதரரிடமும் கற்க உண்டு. கொழும்பு நாளந்தாக் கல்லூரி ஆசிரியர் ஏ. டி. ஆரியரத்ன, 1958 டிசம்பரில் தம் மாணவரைக் கனத்தொலுவ கிராமத்துக்கு அழைத்துச் சென்றார். சாதியால் ஒதுக்கப்பட்ட றொடி மக்களின் ஊர் அது. நகரத்துப் பிள்ளைகள் அங்கே தங்கி, அம்மக்களோடு சேர்ந்து உழைத்தார்கள். சர்வோதய சிரமதான இயக்கம் அங்கிருந்து பிறந்தது. மண் வெட்டியதைவிட, தீண்டத்தகாதார் என்று சொல்லிக்கொடுக்கப்பட்டவர்களோடு சமமாய்ப் பழகியதே அந்த மாணவர் பெற்ற பாடம் என்பேன்.

ஆகவே ஒரு தடவை போய் வருவது போதாது. அதே தோட்டத்துக்குத் தவணைக்கு ஒரு தடவையாவது போக வேண்டும். என்ன வேண்டும் என்பதை முதலில் அவர்களிடமே கேட்க வேண்டும். பிறப்புச் சான்றிதழுக்கு விண்ணப்பம் நிரப்ப ஒருவர் வேண்டியிருக்கலாம். சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித்தர ஆள் வேண்டியிருக்கலாம். பீலித் தண்ணீர் பற்றிப் பிரதேச செயலகத்துக்கு மனு எழுத வேண்டியிருந்தால், கையெழுத்து அவர்களுடையதாகவே இருக்கட்டும். ஒரு காரியத்தில் மட்டும் கவனம் தேவை: நம் வகுப்பிலேயே தோட்டத்துப் பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களைக் காட்சிப் பொருளாக்காமல், வழிகாட்டிகளாக முன்னே நடக்க விடுங்கள்.

திரும்பி வந்த பிள்ளை இராச் சாப்பாட்டின்போது, "அப்பா, இந்தத் தேயிலைப் பக்கற் என்ன விலை? கொழுந்தெடுத்த அம்மாவுக்கு இதில் எவ்வளவு போகும்?" என்று கேட்டால், "அரசியல் பேசாதே, சாப்பிடு" என்று வாயடைத்துவிடாதீர்கள். பக்கற்றை எடுத்து விலையைப் பார்த்து, ஒரு கடதாசியில் பிள்ளையோடு சேர்ந்து கணக்குப் போட்டுப் பாருங்கள்.