மருத்துவ ஆய்வும் மின்னணுத் தரவும்

நுழையும்முன்

ஒரு மாத்திரை நோயாளியின் கைக்கு வந்து சேருமுன் பல ஆண்டு ஆய்வுகளைக் கடந்து வருகிறது. அவ்வாய்வுகளில் மக்கள் தாமாக முன்வந்து பங்கேற்கின்றனர். அவர்களின் உடல்நிலை எண்களாகவும் சொற்களாகவும் பதிவாகிறது. அப்பதிவில் நேரும் பிழை, மருந்தைப் பற்றிய முடிவையே மாற்றிவிடக்கூடும். தாளில் தொடங்கி மின்னணுப் படிவம் வரை வளர்ந்துள்ள தரவுப் பதிவின் வரலாற்றையும் நெறிகளையும் இப்பாடம் விளக்குகிறது.

சென்னை தந்த விடை

காசநோயாளிகளைச் சானடோரியங்களில் நீண்டகாலம் தங்கவைத்து மருத்துவம் செய்வதே ஒரு காலத்தில் வழக்கமாக இருந்தது. நோயாளிகளோ மிகப் பலர். படுக்கைகளோ மிகச் சில. வீட்டிலிருந்தபடியே மருந்து உட்கொண்டால் நோய் தீருமா என்னும் வினாவுக்கு விடை காண, 1956ஆம் ஆண்டு சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது.

அங்கு 193 நோயாளிகள் சமவாய்ப்பு முறையில் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவினர் வீட்டிலும் மற்றொரு குழுவினர் சானடோரியத்திலும் ஓராண்டுக் காலம் ஒரே மருந்துகளைப் பெற்றனர். போதிய உணவும் ஓய்வும் இல்லாத எளிய வீடுகளில் இருந்தோரும் ஏறத்தாழ நிகராகவே குணமடைந்தனர். 1959இல் வெளியான இம்முடிவு, உலகெங்கும் காசநோய் மருத்துவம் வீட்டை நோக்கித் திரும்பத் துணைநின்றது. அம்மையமே இன்று சென்னைச் சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக விளங்குகிறது. நெடுங்காலம் நிலவிய கருத்தை மாற்றும் வலிமையை அவ்வாய்வுக்குத் தந்தது, கணினி பரவாத அக்காலத்தில் பொறுமையுடன் திரட்டப்பட்ட தரவே ஆகும்.

தாளின் எல்லைகள்

தாளில் எழுதுவது எளிது. பிழை புகுவதும் எளிது. 65 கிலோ எடை 6.5 எனப் பதிவாகலாம். 07/03 என்பதை ஒருவர் மார்ச் 7 என்றும், மற்றொருவர் ஜூலை 3 என்றும் கொள்ளலாம். வெற்றாக விடப்பட்ட கட்டம் இன்னும் இடர் தருவது. அளவிடவில்லையா, அளவிட்டு எழுத மறந்தனரா என்பதை அது கூறாது. ஆய்வு முடிந்து பல மாதங்களுக்குப் பின் பிழை கண்டறியப்பட்டால், அன்றைய அளவை மீண்டும் எடுக்க இயலாது. தாளிலிருந்து கணினிக்கு மாற்றும்போது புதிய பிழைகள் நுழையாதிருக்க, ஒரே படிவத்தை இருவர் தனித்தனியே உள்ளிட்டு ஒப்பிடும் முறையும் கையாளப்பட்டது.

மின்னணுப் படிவம்

மின்னணுத் தரவுப் பதிவில், மருத்துவமனையிலுள்ள ஆய்வுப் பணியாளர் கணினித் திரையிலுள்ள படிவத்தில் நேரடியாக விவரங்களை உள்ளிடுகிறார். இயல்புக்கு மாறான எண்ணைக் கண்டவுடன் படிவம் எச்சரிக்கிறது. நாள், மாதம், ஆண்டு ஆகியவை ஒரே வடிவில் அமைகின்றன. கட்டம் வெற்றாக இருப்பின் காரணம் கேட்கப்படுகிறது. ஐயத்திற்குரிய பதிவு குறித்துத் தரவு மேலாளர் வினா எழுப்புவார். ஆய்வுப் பணியாளர் மூல ஆவணத்தைப் பார்த்து விடையளிப்பார். வினாக்கள் யாவும் தீர்ந்தபின் தரவுத்தளம் பூட்டப்படும். எந்த நோயாளி எந்த மருந்தைப் பெற்றார் என்பது மறைக்கப்பட்ட ஆய்வுகளில், அதன் பின்னரே அம்மறைப்பு நீக்கப்படும். விரும்பிய முடிவுக்கு ஏற்பத் தரவைத் திருத்தும் வாய்ப்பை இவ்வொழுங்கு தடுக்கிறது.

அழியாத தடம்

தாளில் திருத்தம் செய்வோர் பழைய எண்ணை அழித்தல் கூடாது. அதன்மேல் ஒற்றைக் கோடிட்டு, புதிய எண்ணை எழுதி, நாளிட்டு ஒப்பமிட வேண்டும். இந்நெறியே மின்னணு முறையில் தணிக்கைத் தடம் என வழங்குகிறது. திருத்தியவர் யார், திருத்திய நேரம் எது, பழைய மதிப்பு யாது, மாற்றியதன் காரணம் என்ன என்பன அதில் நிலைத்திருக்கும். பிழை செய்தல் குற்றமன்று. பிழையை மறைத்தலே குற்றம் என்பது இதன் அடிப்படை.

நூறு நாள்களுக்குள்

2020ஆம் ஆண்டு கோவிட் தொற்று பரவியபோது, பிரிட்டனில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் தலைமையில் ‘ரெக்கவரி’ என்னும் ஆய்வு மார்ச் மாதம் தொடங்கியது. மருத்துவமனைகள் நிரம்பி வழிந்த அந்நாளில் நீண்ட படிவங்களை நிரப்ப எவருக்கும் நேரமில்லை. ஆகவே, இணையவழிப் படிவம் இன்றியமையாத வினாக்களோடு சுருக்கமாக அமைக்கப்பட்டது. 28 நாள்களுக்குள் நோயாளி உயிர் பிழைத்தாரா என்பதே முதன்மை வினாவாக இருந்தது.

டெக்சாமெத்தசோன் என்னும் விலைமலிந்த பழைய மருந்தைப் பெற்ற 2104 பேர், வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்ற 4321 பேருடன் ஒப்பிடப்பட்டனர். அம்மருந்து, செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்தோரின் இறப்பை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. உயிர்வளி தேவைப்படாதோருக்கு அதனால் பயன் விளையவில்லை. யாருக்குத் தரலாம், யாருக்குத் தரலாகாது என்னும் இவ்விரு செய்திகளும் ஜூன் 16 அன்று உலகுக்கு அறிவிக்கப்பட்டன.

சரிபார்க்க இயலாத தரவு

அதே ஆண்டு மே மாதம், புகழ்பெற்ற மருத்துவ இதழ் ஒன்றில் மற்றொரு கட்டுரை வெளியானது. ஹைட்ராக்சிகுளோரோகுயின் மருந்தைப் பற்றிய அக்கட்டுரை, 96,032 நோயாளிகளின் மின்னணுத் தரவை ஆராய்ந்ததாகக் கூறியது. அதனை நம்பி, நடைபெற்றுவந்த ஆய்வுகள் சில இடைநிறுத்தப்பட்டன. மூலத்தரவைக் காட்டுமாறு அறிஞர்கள் கேட்டபோது அது சரிபார்ப்புக்குக் கிடைக்கவில்லை. இரு வாரங்களுக்குள் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. எண்ணிக்கை பெரிதாக இருப்பதாலோ, கணினியில் இருப்பதாலோ தரவு உண்மையாகிவிடாது. மூலம்வரை பின்தொடர்ந்து செல்ல இயலும் தரவே நம்பத்தக்கது.

எண்ணுக்குப் பின்னுள்ள மனிதர்

ஆய்வுத் தரவில் பங்கேற்பாளரின் பெயர் இடம்பெறுவதில்லை. குறியீட்டு எண்ணே இடம்பெறும். அவ்வெண்ணையும் பெயரையும் இணைக்கும் பட்டியல் ஆய்வு நடைபெறும் மருத்துவமனையிலேயே பாதுகாக்கப்படும். தம் நோயைப் பிறர் அறியாதிருக்க வேண்டும் என்பது ஒவ்வொருவரின் உரிமை. பயன் கிட்டுமா என்று அறியாமலேயே, பின்வரும் நோயாளிகளுக்காகத் தம் உடலை ஆய்வுக்கு ஒப்படைத்தவர்கள் அவர்கள். அவர்கள் அளித்த ஒவ்வோர் எண்ணையும் பிழையின்றிக் காப்பதே ஆய்வாளர் செலுத்தும் நன்றிக்கடன் ஆகும்.

தெரிந்து தெளிவோம்

இந்தியாவில் நடைபெறும் மருத்துவ ஆய்வுகளைப் பதிவுசெய்வதற்கான இந்திய மருத்துவ ஆய்வுகள் பதிவேடு 2007ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. ஆய்வின் நோக்கம், முறை, நடைபெறும் இடம் முதலியவற்றைப் பொதுமக்களும் அதில் காணலாம்.

கற்பவை கற்றபின்...

1. வகுப்பு மாணவர்களின் உயரத்தையும் எடையையும் இரு குழுக்கள் தனித்தனியே அளந்து பதிவுசெய்து, வேறுபாடுகளையும் அவற்றின் காரணங்களையும் அட்டவணைப்படுத்துக.

2. ‘பிழையை அழிப்பதைவிடத் தடம் தெரியத் திருத்துவதே நேர்மை’ – கலந்துரையாடுக.