சுவரில் மாட்டும் இலக்கியப் படங்கள்: கொள்முதலுக்கு முன் அறிய வேண்டியவை



சுவர்ப்படம் என்றால் சாமி படமும் இயற்கைக் காட்சியும்தான் என்றிருந்த காலம் போய்விட்டது. திருவள்ளுவர், பாரதியார், கண்ணகி, சகுந்தலை என்று பெயர் சொல்லிக் கேட்டு வருகிறார்கள். பிள்ளை படிக்கும் அறைக்குக் குறள் பலகை வேண்டும் என்கிறார்கள். புதுமனை புகுவிழாவுக்கும், பள்ளிப் பரிசுக்கும், ஓய்வு பெறும் ஆசிரியருக்கும் இவை நல்ல அன்பளிப்பு. ஆனால் இந்தச் சரக்கில் முதல் முடங்கும் வழிகளும் பல உண்டு. வாழவந்தி போன்ற மலையூரில் சிறு கடை வைத்திருப்பவருக்கு ஒரு மழைக்காலம் போதும், போட்ட முதல் பூஞ்சணமாகிவிடும். ஆகவே இதனைப் பாடமாகவே எழுதுகிறோம்.

1. சரக்கின் வரலாறு

இலக்கியத்தைச் சுவருக்குக் கொண்டுவந்தவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் ராஜா ரவிவர்மா (1848–1906). சகுந்தலை, அன்னத்தோடு பேசும் தமயந்தி ஆகிய காவியப் பாத்திரங்களைத் தைல ஓவியமாகத் தீட்டினார். 1894இல் பம்பாயில் அச்சுக்கூடம் நிறுவி, அரண்மனைச் சுவரில் இருந்ததைச் சாதாரண வீட்டுச் சுவருக்கும் வரச் செய்தார்.

தமிழ்நாட்டில் அந்த இடம் கே. ஆர். வேணுகோபால் சர்மா வரைந்த திருவள்ளுவர் படத்திற்கு உரியது. 1960இல் அஞ்சல் தலை வெளிவந்தது. 1964இல் சட்டமன்றத்தில் ஜாகிர் உசேன் அவர்கள் படத்தைத் திறந்து வைத்தார். 1967இல் அரசு அலுவலகங்கள் எல்லாவற்றிலும் வைக்க ஆணை பிறந்தது. வள்ளுவர் என்றதும் தாடியும் ஓலைச்சுவடியும் எழுத்தாணியும் நம் கண்முன் வருவது இந்தப் படத்தினால்தான். வாடிக்கையாளர் மனத்தில் பதிந்த உருவம் இதுவே. சாயல் மாறிய படம் எளிதில் விலைபோகாது.

2. எழுத்தைச் சோதித்தல்

படத்தில் அழகு குறைந்தால் விலை குறைத்து விற்றுவிடலாம். எழுத்துப் பிழையுள்ள குறள் பலகையை யார் வாங்குவார்? வாங்கியவர் வீட்டில் தமிழாசிரியர் ஒருவர் பார்த்துச் சிரித்தால், திரும்பி வருவது பலகை மட்டுமன்று, நம் கடைப்பெயரும்தான்.

சோதிக்கப் புலமை வேண்டுவதில்லை. குறளுக்கு ஏழு சீர். முதல் அடியில் நான்கு, இரண்டாம் அடியில் மூன்று. அடி பிரித்தது மாறியிருந்தால் அப்பலகையை ஒதுக்குக. அதிகாரம் 133, அதிகாரத்திற்குப் பத்துக் குறள், ஆக 1330. எனவே எண்ணைக் கொண்டே அதிகாரத்தைக் கண்டுபிடிக்கலாம். 391 முதல் 400 வரை 40ஆம் அதிகாரமாகிய கல்வி. 421 முதல் 430 வரை 43ஆம் அதிகாரமாகிய அறிவுடைமை. எண் ஒன்றும் அதிகாரம் வேறொன்றுமாக அச்சாகியிருந்தால் அச்சிட்டவர் புத்தகத்தைப் பார்க்கவில்லை என்று பொருள்.

ஆசிரியர் பெயரையும் பாருங்கள். ஆத்திசூடி ஔவையாருடையது, புதிய ஆத்திசூடி பாரதியாருடையது. இரண்டையும் குழப்பிய பலகைகள் சந்தைக்கு வருகின்றன. கடையில் திருக்குறள் ஒன்றும் பாரதியார் கவிதைகள் ஒன்றும் வைத்துக்கொள்ளுதல் தராசு வைத்திருப்பது போல அவசியம்.

3. உரிமையைக் கேட்டல்

பழைய நூல் யாருக்கும் பொது. பாரதியார் எழுத்துக்களும் 1949இல் அரசு வாங்கிப் பொதுவாக்கியவை. ஆனால் நூல் பழையது என்பதனால் படமும் பொது ஆகிவிடாது. பதிப்புரிமைச் சட்டம் 1957இன்படி ஓவியத்தின் உரிமை, ஓவியர் காலமான பின்னும் 60 ஆண்டுகள் நிற்கும். ரவிவர்மா படத்திற்கு அக்காலம் கடந்துவிட்டது. இன்றுள்ள ஓவியர் ஒருவர் நேற்று வரைந்த கண்ணகிக்கு உரிமை அவருடையதே. அதைத் திருடி அச்சிட்டால், அச்சிட்டவர் மட்டுமல்ல, விற்பனைக்கு வைத்த கடைக்காரரும் சட்டத்திற்கு உட்படுவார். தெரிந்தே செய்தால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனையும், ஐம்பதாயிரம் முதல் இரண்டு இலட்சம் வரை அபராதமும் உண்டு.

ஆகையால் அச்சகத்தின் பெயரும் ஓவியர் பெயரும் இல்லாத படத்தை மலிவு என்று எடுக்காதீர். ஒழுங்கான பில் கேளுங்கள். நடுவு நிலைமை அதிகாரத்தில் 120ஆம் குறள் நம் தொழிலுக்கென்றே சொன்னது: பிறர் பொருளையும் தம் பொருள் போலக் கருதிச் செய்வதே வாணிகம். ஓவியனின் உழைப்பும் பிறர் பொருளே.

4. மலை ஈரமும் சட்டமும்

சமவெளியில் பத்தாண்டு நிற்கும் படம் சேர்வராயன் மலையில் இரண்டு மழைக்குள் கெடலாம். மூடுபனி அறைக்குள் வரும் ஊர் இது. கண்ணாடி நேராகத் தாளில் பட்டிருந்தால் ஈரம் சேர்ந்து தாள் ஒட்டிக்கொள்ளும்; பிரித்தால் மை உரியும். இடையில் அட்டை விளிம்பு வைத்து இடைவெளி விட்ட படங்களையே எடுங்கள். எம்.டி.எஃப். பலகை நீர் பட்டால் ஊறிப் புடைக்கும். அதைவிட உலர்ந்த மரச்சட்டமோ அலுமினியச் சட்டமோ மேல்.

சட்டத்தின் பின் கீழ்மூலைகள் இரண்டிலும் தக்கைத் துண்டு ஒட்டச் சொல்லுங்கள். சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்றோடும். நேர்வெயில் படும் சுவரும், மழைச்சாரல் வாங்கும் வெளிச்சுவரும் ஆகாது என்று வாங்குபவரிடம் சொல்லி அனுப்புங்கள். அதைச் சொல்லும் கடைக்காரரிடம் மறுபடியும் வருவார்.

5. எடையும் சேதாரமும்

2 மில்லிமீட்டர் கண்ணாடி சதுர மீட்டருக்கு 5 கிலோ. இரண்டடிக்கு மூன்றடிப் படத்தில் கண்ணாடி மட்டுமே சுமார் 2.8 கிலோ. சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிவரும் வண்டியில் படங்களைப் படுக்க வைத்து அடுக்கினால் அடியிலுள்ளவை உடையும். நிற்க வைத்து, இடையிடையே அட்டை கொடுத்துக் கட்ட வேண்டும். பெரிய படங்களுக்குக் கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் தகடு நலம்.

6. கணக்கு

எடுத்துக்காட்டாக ஒரு கணக்கு. நூறு படம், ஒன்று ரூ.200 வீதம் ரூ.20,000. வண்டி வாடகை, ஏற்று இறக்குக் கூலி ரூ.1,500. ஆக ரூ.21,500. ரூ.250க்கு விற்றால் படத்திற்கு ஐம்பது வீதம் ரூ.5,000 இலாபம் என்று நினைக்கத் தோன்றும். ஆறு உடைந்தால் விற்பது 94, வரவு ரூ.23,500, இலாபம் ரூ.2,000தான். அதிலும் எட்டு விற்காமல் நின்றால் 86க்கு வரவு ரூ.21,500. போட்ட முதல் வந்தது, உழைப்பு போனது. கடை வாடகையும் வட்டியும் இதில் சேரவில்லை.

எனவே முதல் தடவை நூறு எடுக்க வேண்டா. இருபது எடுங்கள்: வள்ளுவர், பாரதி, கல்வி பற்றிய குறள் என்று தேர்ந்து. மழைக்கு முன் இருப்பைக் குறைத்து, மே மாத ஏற்காடு கோடைவிழாவுக்கு முன் கூட்டுங்கள். உடைந்தவற்றை மாற்றித் தருவதுண்டா என்று மொத்தக்காரரிடம் எழுத்தில் வாங்குங்கள். மொத்த வியாபாரம் செய்யும் நாங்களே சொல்கிறோம்: வாய்ச்சொல் போதாது.

ஒரு வீட்டில் மாட்டும் குறள் பலகையை அந்த வீட்டுக் குழந்தை தினமும் வாசித்து வளரும். அதில் பிழை இருந்தால் பிழையாகவே மனப்பாடம் ஆகும். படத்தைச் சுற்றிக் கொடுக்கும் முன் எழுத்தை ஒருமுறை நாமே வாசித்துவிடுவோம்.