தோட்டத்து வீட்டுச் சாவியைக் கொடுத்த பிறகு

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் பலருக்குச் சொந்த வீடு தேடும் வேலை அறுபது வயதில்தான் வருகிறது. லயத்து வீடு கம்பெனியுடையது. வேலை உள்ளவரை கூரையும் உண்டு. 2013 ஜூலை முதல் மலேசியாவில் தனியார் ஊழியர்களின் குறைந்தபட்ச ஓய்வு வயது 60. அந்த வயதைத் தொட்டதும் சாவியைக் கிராணியிடம் கொடுத்துவிட்டு இறங்க வேண்டும்.

அப்படி இறங்கியவர் ஒருவர். தேயிலைத் தொழிற்சாலையில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்தவர். கையில் சேமநிதிப் பணம், கூட மனைவி. ரிங்லெட்டிலிருந்து கம்போங் ராஜா வரை இரண்டு வருஷம் வீடு பார்த்தார்கள். “எல்லாம் ஒரே மலைதானே, எங்க வாங்கினா என்ன?” என்றுதான் தொடங்கினார்கள்.

தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறினால் முதலில் வருவது ரிங்லெட். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,200 மீட்டர் உயரம். மேலே உள்ள ஊர்களைவிடக் குளிர் கொஞ்சம் குறைவு. 1929இல் ரஸ்ஸல் என்பவர் தொடங்கிய போ தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் சாலை பக்கத்திலேயே, ஹாபுவில் பிரிகிறது. சந்தை, தமிழ்ப்பள்ளி, கோயில், உழைக்கிற சனங்கள் என்று, சுற்றுலாவை நம்பாமல் தன் பிழைப்பைப் பார்க்கும் ஊர். மேலே உள்ள ஊர்களைவிட விலையும் குறைவாகச் சொன்னார்கள்.

ஆற்றை ஒட்டி ஒரு வீடு பார்த்தார்கள். புதுச் சுண்ணாம்பு, புதுக் கதவு. மனைவி சமையலறை அலமாரியைச் சற்றே நகர்த்திப் பார்த்தார். பின்சுவரில் இடுப்பளவு உயரத்தில், பென்சிலால் இழுத்தது போல ஒரு மஞ்சள் கோடு. நகத்தால் சுரண்டினார்; காய்ந்த சேறு உதிர்ந்தது. வெளியே வந்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்: “ஏங்க, இந்த உசரத்துக்குத் தண்ணி வந்தா நாம எங்க ஏறி நிக்கிறது?”

அந்தக் கோட்டுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. ரிங்லெட் ஏரி இயற்கையான ஏரி இல்லை. மின்சாரத்துக்காக 1960களில் கட்டிய சுல்தான் அபு பக்கார் அணையின் நீர்த்தேக்கம் அது. மேலே காய்கறிக்காகக் காட்டை வெட்டிச் சரித்த மண் ஒவ்வொரு மழையிலும் அதில்தான் வந்து படிகிறது. 2013 அக்டோபர் 23 அதிகாலை, நிரம்பிய அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வீடுகளுக்குள் சேற்றோடு புகுந்து உயிர்களைப் பறித்தது. அடுத்த ஆண்டு நவம்பரிலும் ரிங்லெட் பகுதியில் வெள்ளமும் மண்சரிவும் உயிர்ச்சேதமும். இந்த மலையில் வீடு வாங்குகிறவர் ஜன்னலுக்கு வெளியே தெரியும் பச்சையைவிட, வீட்டுக்கு மேலே யார் மண் வெட்டுகிறார்கள், கீழே எது ஓடுகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அக்டோபர், நவம்பர் மழையில் ஒரு தடவையாவது போய் நின்று பார்ப்பது நல்லது.

பாரத் தோட்டத்துச் சரிவுகளைத் தாண்டினால் தானா ராத்தா, 1,440 மீட்டர். அந்த மலாய்ப் பெயருக்குச் சமநிலம் என்று பொருள். மாவட்ட நிர்வாகம், சுல்தானா ஹாஜா கல்சோம் மருத்துவமனை, பேருந்து நிலையம் எல்லாம் இங்கேதான். வயதானவர்களுக்கு இதைவிடத் தோதான ஊர் இந்த மலையில் இல்லை. மருந்து வாங்க நடந்தே போகலாம். ஆனால் அடுக்குமாடி வீடுகள் பல வாரக்கடைசி விருந்தினருக்கு வாடகைக்குப் போகின்றன. பக்கத்து வீட்டில் வெள்ளிக்கிழமை ஒரு குடும்பம், ஞாயிற்றுக்கிழமை வேறொரு குடும்பம். அவர்கள் பார்த்த வீடு நான்காவது மாடி, லிஃப்ட் கிடையாது. வெயில் படாத அறையின் சுவரில் கையை வைத்தால் ஈரம். துணி அலமாரியைத் திறந்ததும் பூஞ்சை வாடை. பகலில் இருபது டிகிரி என்றால் மின்விசிறிச் செலவு மிச்சம்தான், காயாத துணிக்கு என்ன செய்வது?

பிரிஞ்சாங் இன்னும் நூறு மீட்டர் மேலே. ஹோட்டல்களும் சந்தையும் முருகன் கோயிலும் உள்ள ஊர். பள்ளி விடுமுறையில் அங்கிருந்து கியா பார்ம் வரை வண்டிகள் நகராமல் நிற்பதை ஒருமுறை பார்த்தார்கள், திரும்பிவிட்டார்கள். நெஞ்சுவலி என்று புறப்பட்டால் ஐந்து கிலோமீட்டரில் இருக்கிற மருத்துவமனைக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் என்று அவர் கணக்குப் போட்டார்.

வடக்குக் கோடியில் கம்போங் ராஜா. சிம்பாங் பூலாய் சாலை வந்த பிறகு ஈப்போ பக்கமாகிவிட்டது. ஈப்போவில் மகனோ மகளோ வேலை பார்க்கும் குடும்பங்களுக்கு இது பெரிய வசதி. பகலில் அமைதியான ஊர். ஆனால் இருட்டிய பிறகும் அங்கே நின்று பார்க்க வேண்டும். செவ்வந்தித் தோட்டங்களில் செடி சீக்கிரம் பூத்துவிடாமல் இருக்க இரவில் விளக்குப் போடுவார்கள். பிளாஸ்டிக் கூரைக்குள் மலைச்சரிவே மஞ்சளாக எரியும். வீட்டு ஜன்னல் அந்தப் பக்கம் இருந்தால் படுக்கையறையிலும் அதே வெளிச்சம். தோட்டத்துக்குக் கோழி எரு போடும் நாளில் ஈயும் வாடையும் சேர்ந்து வரும்.

அங்கேதான் அவருடைய மச்சான் ஒரு யோசனை சொன்னார்: காய்கறி நிலத்தோடு வீடு, பாதி விலை. கேட்க ஆசையாகத்தான் இருந்தது. நிலத்தின் காகிதத்தைக் கேட்டபோது வந்தது டி.ஓ.எல். என்கிற தற்காலிக உரிமம். அது அந்தந்த ஆண்டோடு முடிவது, கைமாற்ற முடியாது, உரிமம் பெற்றவர் இறந்தால் அதுவும் போய்விடும், பிள்ளைகளுக்கு வராது. இப்படிப்பட்ட நிலத்துக்குச் சேமநிதியைக் கொடுத்துவிட்டு நிற்பது தோட்டத்து வீட்டைவிட மோசம். இந்த மலையில் நல்ல மனைகளிலும் பல 99 வருஷக் குத்தகையில் உள்ளவை. மீதி எத்தனை வருஷம், விற்க மாநில அரசின் ஒப்புதல் வேண்டுமா என்பதை நில அலுவலகத்தில் கிராண்ட் என்கிற நிலப் பத்திரத்தைப் பார்த்து, வக்கீலிடம் காட்டிய பிறகே முன்பணம் கொடுக்கலாம். சேமநிதியை அறுபதுக்கு முன்பே வீட்டுக்காக எடுக்க வழி இருக்கிறது. தோட்டத்தில் இன்னும் வேலையில் இருப்பவர்கள் ஐம்பதிலேயே இதை விசாரிக்க வேண்டும்.

கடைசியில் வாங்கியது ரிங்லெட்டில், ஆற்றிலிருந்து நன்றாக மேலே ஏறிய ஒரு வரிசை வீடு. இரண்டு அறை. பழைய சிநேகிதர்கள் சந்தைக்கு வந்தால் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். மழை பிடித்த மதியங்களில் அவர் குடையோடு வாசல் கால்வாய்க்குப் போய், அடைத்த இலைகளை வாரிப் போட்டுவிட்டுத் தண்ணீரின் நிறத்தைப் பார்க்கிறார். தெளிவாக ஓடினால் உள்ளே வந்து தேத்தண்ணி கேட்பார். செம்மண் கலந்து வந்தால், மழை விட்டதும் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு மேலே எங்கே மண் வெட்டுகிறார்கள் என்று பார்த்துவர ஏறிப் போகிறார்.