கீழ்நாட்டுச் சிந்தையும் மேல்நாட்டுச் சிந்தையும்

ஒருவன் தவறு செய்தான் எனக் கேள்விப்பட்டவுடன் நம் உள்ளம் முதலில் எதை நாடுகின்றது? அவனுடைய குணத்தையா, அன்றி அவனைச் சூழ்ந்திருந்த நிலைமையையா? மேல்நாட்டாரும் கீழ்நாட்டாரும் சிந்திக்கும் முறைகளை ஒப்பிட்ட சமூக மனோதத்துவ அறிஞர் பலர் இவ்வினாவிலிருந்தே தொடங்கினர்.

பிறர் செயலுக்குக் காரணம் தேடுங்கால் குணத்தை மிகுத்தும் நிலைமையைக் குறைத்தும் மதிப்பிடும் வழக்கத்திற்கு, அமெரிக்க அறிஞர் லீ ராஸ் 1977-ஆம் ஆண்டில் 'அடிப்படைப் பிழை' என்னும் கருத்தில் ஒரு பெயரிட்டார். மனிதர் யாவர்க்கும் பொதுவான பிழையாகவே அது கருதப்பட்டது. ஆனால் சோதனைக்குட்பட்டவரோ பெரும்பாலும் அமெரிக்கக் கல்லூரி மாணவர். ஒரு வீட்டாரைப் பார்த்து ஊராரின் இயல்பை எழுதிவிட்ட கதையே இது.

ஜோன் மில்லர் என்னும் அம்மையார் சிகாகோ நகரத்தாரையும் மைசூர் இந்துக்களையும் ஒப்பிட்டு ஆராய்ந்து, 1984-இல் முடிவுகளை வெளியிட்டார். மைசூரில் ஒருவர் கூறிய நிகழ்ச்சி இது: வழக்கறிஞர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் செல்கையில் பின்சக்கரம் வெடித்தது. பின்னால் அமர்ந்திருந்தவர் கீழே விழுந்து தலையில் அடிபட்டார். வழக்கறிஞர் அவரை மருத்துவமனையில் சேர்த்துவிட்டு, காயத்தின் தன்மையை மருத்துவரிடம் கேட்டறியாமலே நீதிமன்றம் சென்றுவிட்டார். அடிபட்டவர் பின்னர் இறந்தார். மைசூர்க்காரர் இதற்குக் கூறிய காரணம், கட்சிக்காரருக்காக நீதிமன்றத்தில் இருக்க வேண்டிய கடமை அவருக்கு இருந்தது என்பது போன்றது. அமெரிக்கரோ, அவர் பொறுப்பற்றவர், தம் முன்னேற்றத்தையே பெரிதெனக் கருதுபவர் என்றனர்.

கண்ணால் காண்பதிலும் இவ்வேறுபாடு உண்டு. மசுதா, நிஸ்பெட் என்னும் இருவர் 2001-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், நீருக்கடியில் மீன்கள் நீந்தும் காட்சியை ஜப்பானிய மாணவருக்கும் அமெரிக்க மாணவருக்கும் காட்டினர். அமெரிக்கர் முன்னே நீந்திய பெரிய மீனைச் சொல்லித் தொடங்க, ஜப்பானியர் அது குளம் போல் இருந்தது என இடத்தைச் சொல்லித் தொடங்குவது மிகுதியாயிருந்தது.

இதனைக் கீழ்நாட்டு இரத்தத்தின் இயல்பு எனக் கொள்ளலாமோ? கூடாது. சீன நாட்டிற்குள்ளேயே 1,162 மாணவரைச் சோதித்த தால்ஹெல்ம் குழுவினர், நெல் விளையும் தென்பகுதியாரையும் கோதுமை விளையும் வடபகுதியாரையும் ஒப்பிட்டு 2014-இல் எழுதினர். ரயில், பஸ், தண்டவாளம் ஆகிய மூன்றனுள் எவ்விரண்டு சேரும் எனக் கேட்டால், ரயிலையும் தண்டவாளத்தையும் சேர்ப்போர் நெற்பகுதியில் மிகுந்திருந்தனர். நெல்லுக்கு வேண்டிய நீரையும் ஆளையும் அண்டையயலாரோடு பகிர்ந்தே பெறவேண்டியிருப்பதால் இவ்வழக்கம் உண்டாயிற்று என்பது அவர்கள் கருத்து. அதனை மறுப்போரும் உளர். எனினும் ஒரே இனத்தாருள் இத்துணை வேறுபாடு இருக்கையில், கிழக்கு மேற்கு என்ற சொற்களை நாம் அளவோடு வழங்குதலே முறை.

நிலைமையை நோக்கும் வழக்கம் நமக்கு உண்டென்று பெருமை கொள்ளுமுன் மற்றொன்றையும் எண்ணவேண்டும். மில்லர் கேட்டவையெல்லாம் அறிமுகமானோர் செய்த செயல்களே. நம் நாட்டில் அறிமுகமானவன் தவறினால், 'பாவம், அவன் என்ன செய்வான்' என்கின்றனர். சேரியைச் சேர்ந்தவன் தவறினாலோ, 'அந்த ஆட்களே அப்படித்தான்' என்கின்றனர். அவனுடைய கடனையும் பசியையும் யார் விசாரித்தார்? அப்பொழுது மட்டும் நிலைமை மறைந்து, குணமும் பிறப்புமே காரணமாகி விடுகின்றன. இதில் மைசூருக்கும் சிகாகோவிற்கும் தூரம் மிகுதியில்லை. நம் வாயிலும் வேறு தெருவாரைப் பற்றி இச்சொல் வருவதை நாம் கேட்டிருக்கிறோம்.

மில்லர் பெரியோரை மட்டும் வினவவில்லை, எட்டு வயதுச் சிறுவரையும் வினவினார். அவ்வயதில் சிகாகோப் பிள்ளைக்கும் மைசூர்ப் பிள்ளைக்கும் காரணம் கூறும் முறையில் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. வயது ஏற ஏறத்தான் அது வளர்ந்திருந்தது.