காட்டு ஈஸ்டும் பண்ணை வீட்டு பீரும்: ஒரு நொதித்தல் பாடம்

தலைப்பைப் பார்த்ததும், "ஆஹா, பீர் காய்ச்சக் கத்துக் கொடுக்கப் போறான்டா" என்று சிலர் நிமிர்ந்து உட்காரலாம். மன்னிக்கவும்! நம் தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். நான் சொல்ல வந்தது வேறு. குணம் தெரியாத ஒரு நுண்ணுயிரை வைத்து வேலை செய்யும்போது எதை அளக்க வேண்டும், எவ்வளவு காலம் பொறுக்க வேண்டும்? இதற்கு இதைவிட நல்ல உதாரணம் எங்கள் கெமிக்கல் பிரிவில் எனக்குக் கிடைக்கவில்லை. மெக்கானிக்கல் நண்பர்களே, கடைசியில் உங்களுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. எழுந்து போய்விடாதீர்கள்!

அடிப்படை என்ன?

பார்லியை ஊறவைத்து, முளைகட்டி, உலர்த்தினால் அது மால்ட். அதை நொறுக்கி, சுமார் 65 டிகிரி செல்சியஸில் இருக்கும் நீரில் ஒரு மணி நேரம் வைத்தால், மாவுச்சத்து உடைந்து சர்க்கரையாகிறது. வடித்தெடுத்த இந்த இனிப்புச் சாறுக்கு 'வோர்ட்' என்று பெயர். ஈஸ்ட் இந்தச் சர்க்கரையைத் தின்று எத்தனாலையும் கார்பன் டை ஆக்சைடையும் வெளியிடுகிறது. ஒரு கிராம் சர்க்கரைக்கு ஏறக்குறைய அரை கிராம் எத்தனால், அரை கிராம் வாயு. இந்தப் பாதிக்குப் பாதி கணக்கை மனதில் வையுங்கள்.

1883-ல் கோபன்ஹேகன் நகரின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சென், ஒரே ஒரு செல்லிலிருந்து தூய ஈஸ்ட் வளர்த்துக் காட்டினார். அதற்குப் பிறகு ஆலைகள் ஒவ்வொன்றாகத் தூய ஈஸ்ட்டுக்கு மாறின. சரி, அதற்கு முன்னால் பண்ணை வீடுகளில் என்ன செய்தார்கள்?

வீட்டில் வளர்ந்த ஈஸ்ட்

நம் வீட்டில் பாலுக்கு உறை ஊற்ற நேற்றைய தயிரில் ஒரு கரண்டி எடுத்து வைப்போம் அல்லவா? நார்வே நாட்டின் மேற்குப் பகுதி விவசாயிகளும் இதையேதான் செய்தார்கள். வோஸ், ஹார்டாங்கர் போன்ற ஊர்களில் ஒரு முறை காய்ச்சிய பீரின் ஈஸ்ட்டை எடுத்து அடுத்த முறைக்கு வைத்தார்கள். மரத்துண்டுகளைக் கோத்த வளையத்தையோ, துளையிட்ட கட்டையையோ நொதிக்கும் பீரில் முக்கி எடுத்து, காயவைத்துத் தொங்கவிடுவார்கள். உலர்ந்த ஈஸ்ட் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். இதற்கு அவர்கள் பேச்சில் 'க்வெய்க்' என்று பெயர்.

பலர் இதைக் காட்டு ஈஸ்ட் என்கிறார்கள். அது சரியல்ல. 2018-ல் வெளியான மரபணு ஆய்வு, க்வெய்க் என்பது மனிதன் பழக்கி வளர்த்த ஈஸ்ட்டின் தனிக் குடும்பம் என்று காட்டியது. சாதாரண ஏல் ஈஸ்ட்டை 20 டிகிரி அளவில் வேலை வாங்குவார்கள். இதுவோ 30 முதல் 40 டிகிரியிலும் சுறுசுறுப்பாக நொதிக்கிறது. கெட்ட வாசனை வந்தால் கொட்டிவிட்டுப் பக்கத்து வீட்டில் நல்ல ஈஸ்ட் வாங்கி வருவது அங்கே வழக்கம். தலைமுறை தலைமுறையாக நடந்த இந்தப் பொறுக்கியெடுப்புதான் அதைப் பழக்கியது.

உண்மையான காட்டு ஈஸ்ட்

யாரும் போடாமல் தானாக வந்து சேர்வதுதான் காட்டு ஈஸ்ட். பனையில் கட்டிய கலயத்தில், சுண்ணாம்பு தடவாவிட்டால் பதநீர் கள்ளாவது இப்படித்தான். பெல்ஜியத்தில் பிரஸ்ஸல்ஸ் நகருக்கு அருகே, சென் ஆற்றுப் பகுதியில் 'லாம்பிக்' என்ற பீர் உண்டு. குளிர்மாதங்களில் சூடான வோர்ட்டை ஆழமில்லாத அகன்ற தொட்டியில் ஊற்றி, இரவு முழுவதும் திறந்து ஆறவிடுவார்கள். பிறகு மரப்பீப்பாயில் ஒன்று முதல் மூன்று ஆண்டுகள்! முதலில் சில வேண்டாத பாக்டீரியாக்கள், அடுத்து வழக்கமான ஈஸ்ட், பின் லாக்டிக் பாக்டீரியாக்கள், கடைசியில் பிரெட்டனோமைசிஸ் என்ற மெதுவான ஈஸ்ட் என்று வரிசையாக வந்து போகும். கடைசியாகச் சொன்னதை 1904-ல் உலகுக்கு அறிவித்தவர் அதே கார்ல்ஸ்பெர்க்கைச் சேர்ந்த கிளாசென். மற்ற ஈஸ்ட் தொடாமல் விட்ட மாவுச்சத்துத் துண்டுகளைக்கூட இது மாதக்கணக்கில் மெல்லத் தின்னும். ஆபத்தும் இங்கேதான் தொடங்குகிறது.

எப்படிப் பிடிக்கிறார்கள்?

வீட்டில் பீர் காய்ச்ச அனுமதியுள்ள நாடுகளில் ஆர்வலர்கள் செய்யும் முறை இது:

1. ஒப்படர்த்தி 1.030 அளவில் அரை லிட்டர் நீர்த்த வோர்ட் எடுத்து, சிறிது ஹாப்ஸ் பூ சேர்த்து 15 நிமிடம் கொதிக்கவைப்பது. ஹாப்ஸ் சில பாக்டீரியாக்களைத் தடுக்கும்.

2. ஆறியதும் லாக்டிக் அமிலம் விட்டு பி.எச். அளவை 4.5-க்கு இறக்குவது. ஆரம்பத்தில் வரும் வேண்டாத பாக்டீரியாக்களுக்கு இது பிடிக்காது.

3. சுத்தமான ஜாடியில் ஊற்றி, ஒரு பூவையோ பழத்தோலையோ போட்டு, வாயு வெளியேற மட்டும் வழிவிட்டு மூடுவது.

4. ஒரு வாரத்துக்குள் நுரை கட்டலாம். மேலே பஞ்சு போல் பூஞ்சை படர்ந்தாலோ, அழுகல் நாற்றம் வந்தாலோ யோசிக்கவே வேண்டாம், கொட்டிவிட வேண்டும்.

5. குறைந்தது ஒரு மாதம் வாயில் வைக்கக் கூடாது. பி.எச். 4.5-க்குக் கீழே இருக்கிறதா, ஒப்படர்த்தி இறங்கியிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் ருசி.

6. தேறியதென்றால், அடியில் படிந்த ஈஸ்ட்டைப் புது வோர்ட்டில் இரண்டு மூன்று முறை பெருக்கிய பிறகே பெரிய அளவில் பயன்படுத்துவது.

இனி அந்தக் கணக்கு

ஹைட்ரோமீட்டர் 1.010 காட்டுகிறது. "அவ்வளவுதான், நின்னுடுச்சு" என்று ஒருவர் நுரைக்காகக் கொஞ்சம் சர்க்கரை சேர்த்து பாட்டிலில் அடைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எல்லாம் சரியாக நடந்தால் ஒரு லிட்டர் பீரில் சுமார் 2.5 லிட்டர் வாயு கரைந்திருக்கும். 25 டிகிரியில், ஒரு வளிமண்டல அழுத்தத்தில், ஒரு லிட்டர் நீரில் கரைவது 0.76 லிட்டர். ஹென்றி விதிப்படி 2.5-ஐ 0.76-ஆல் வகுத்தால் 3.3 வளிமண்டலம். வெளியே உள்ள ஒன்றைக் கழித்தால் 2.3. அதாவது சுமார் 34 பி.எஸ்.ஐ. கார் டயரில் அடிக்கும் காற்று அளவுதான். பாட்டில் தாங்கும்.

ஆனால் அந்தக் காட்டு ஈஸ்ட் இன்னும் நிற்கவில்லை, 1.004 வரை இறங்குகிறது என்றால்? ஒப்படர்த்தி 0.001 இறங்க, லிட்டருக்கு ஏறக்குறைய 2 கிராம் சர்க்கரை செலவாகிறது. அதில் பாதி, 1 கிராம் வாயு. கன அளவில் அரை லிட்டர். ஆறு புள்ளிக்கு 3 லிட்டர். மொத்தம் 5.5 லிட்டர். மறுபடி வகுத்துக் கழித்தால் 6.2 வளிமண்டலம், அதாவது சுமார் 92 பி.எஸ்.ஐ.! லாரி டயர் அழுத்தத்தைச் சாதாரண பீர் பாட்டிலுக்குள் அடைத்துக் கையில் பிடித்தது போல. கண்ணாடி வெடித்தால் முதலில் போவது கண்தான்.

ஹைட்ரோமீட்டரில் வெறும் ஆறு கோடு. கண்ணுக்குச் சின்னது, விளைவு எவ்வளவு பெரிசு பாருங்கள்!

ஆகவே, பழகிய ஈஸ்ட் எங்கே நிற்கும் என்று அட்டவணை சொல்லும். காட்டு ஈஸ்ட்டுக்கு அட்டவணை கிடையாது. நார்வே விவசாயிக்குத் தாத்தா காலத்து அனுபவம் துணையிருந்தது. நேற்று பூவிலிருந்து பிடித்த ஈஸ்ட்டுக்கு அந்தத் துணையும் இல்லை. ஒரே வெப்பநிலையில், வாரம் தவறாமல், மாதக்கணக்கில் ஒப்படர்த்தி எடுத்துக் குறித்துவைப்பது ஒன்றே வழி. அதன் பிறகும் கனத்த பாட்டில்தான்.

பிராக்டிகலில் நாம் அலுத்துக்கொள்வோமே, "சார், ரீடிங் மாறவே இல்லை, எதுக்கு மறுபடி எடுக்கணும்?" என்று. இங்கே அந்த மாறாத ரீடிங்தான் விடை. நண்பர்களே, நாளை ஆலையில் பாய்லர் முன்னாலோ ரியாக்டர் முன்னாலோ நாம் நிற்கும்போது, மூன்றாவது முறையும் அதே எண்ணைக் குறித்தவன்தான் பக்கத்தில் நிற்பவனையும் காப்பாற்றுவான்.