வைத்தியர் தம்மைப் பேணல்

தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலை 2013 ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. தெய்வேந்திர முனையிலிருந்து பருத்தித்துறை வரை 2011 இல் நிகழ்ந்த நெடுநடைப் பயணத்திற் சேர்ந்த பொருளால் எழுந்தது அது. அதற்கு முன் நம்மவர் பலர் மகரகமைக்கு அலைந்ததை யாவரும் அறிவர். அந்நோயாளரின் துன்பத்தைப் பேசினோர் பலர். ஆயின், துயரச் செய்தியை நாள்தோறும் எடுத்துரைக்கும் கடமை பூண்ட வைத்தியர், மாலையில் வீடு திரும்புங்கால் எதனைச் சுமந்து செல்கின்றார் என்பதைச் சிந்தித்தோர் மிகச் சிலரே. அதுபற்றி ஈண்டுச் சில கூறுவாம்.

நியூயோர்க் நகரில் ஏழைகளுக்கான இலவச மருத்துவ நிலையமொன்றிற் பணிபுரிந்த உளவியலறிஞர் புறொய்டன்பேர்கர், 1974 இல் இந்நிலையை ஆராய்ந்து எழுதினார். விறகு எரிந்து தீர்ந்தாற்போல ஊக்கம் தீர்ந்துபோதல் என்பது அவர் இட்ட பெயரின் கருத்து. உலக சுகாதார நிறுவனம் 2019 இல் இதனை நோயென்னாது, தொழில்வழி வரும் நிலையெனக் கொண்டு மூன்று அடையாளங்களைக் கூறியது. ஓய்ந்தாலும் நீங்காத களைப்பு ஒன்று. தொழிலினின்று மனம் விலகிக் கசத்தல் மற்றொன்று. தான் செய்வது பயன்படவில்லை என்னும் எண்ணம் பிறிதொன்று. இவற்றுள் நடுவிற் சொன்னதே அஞ்சத்தக்கது. அது வந்துற்றவிடத்து நோயாளியின் பெயர் மறைந்து, கட்டில் இலக்கம் மாத்திரமே எஞ்சும்.

இதற்கு வேர் யாது? யாவும் தன் கையிலேயே தங்கியுள்ளது என்னும் எண்ணம் ஒரு பெருங் காரணமென யாம் கருதுகின்றோம். திருக்குறளின் மருந்து அதிகாரத்து இறுதிக் குறள், நோயுற்றவன், வைத்தியன், மருந்து, அருகிருந்து பணிசெய்பவன் என மருத்துவத்தை நான்கு கூறாக்குகின்றது. எனவே வைத்தியன் பங்கு காற்பங்கே. நோயாளி இறந்தபொழுது முழுப்பழியையும் தன் நெஞ்சில் ஏற்றிக்கொள்ளும் இளவைத்தியர் இக்கணக்கை நினைவிற் கொள்ளல் நன்று.

இக்கணக்கை வாழ்ந்து காட்டியவர் ஒருவர் நம் நாட்டிலேயே இருந்தார். அவரே வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன். அமெரிக்காவிற் பிறந்த அவர் 1847 இல் யாழ்ப்பாணம் வந்து, அடுத்த ஆண்டிலே மானிப்பாயில் வைத்தியப் பணியும் போதனையும் தொடங்கினார். வாந்திபேதி ஊரூராய்ப் பரவிய காலம் அது. ஒருவர் எத்தனை வீடுகளுக்குத்தான் செல்லல் கூடும்? பத்தாண்டின் பின் தாயகஞ் சென்றார். 1862 இல் திருமணஞ் செய்து மனைவியோடு மீண்டும் வந்தார். அவர் பணியிற் சிறந்த பகுதி இந்த இடைவெளிக்குப் பின்னரே நிகழ்ந்தது என்பதை, விடுமுறை எடுக்க நாணுவோர் கவனிக்க. ஆங்கிலத்திற் படித்தோர் அரசாங்க வேலையை நாடி வேற்றூர் செல்வதைக் கண்டு, 1864 இல் தமிழிலே மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். அவர் பயிற்றிய வைத்தியர் அறுபதுக்கு மேற்பட்டோர். ஒரு முதுகின் பாரம் அறுபது முதுகுகளிற் பகிரப்பட்டது! இதனோடு, இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம் முதலாய நூல்களைத் தமிழாக்கும் வேலையும் அவருக்கிருந்தது. நோயாளர் கூட்டத்தினின்று சற்று விலகி ஒரு சொல்லைத் தேடி அமர்ந்திருத்தலும் மனத்துக்கு மருந்தாயிருந்திருக்கும் என்பது எம் ஊகம். 1873 இல் ஊர் திரும்பிய பின்னும் அவ்வேலையை விட்டாரல்லர். மனுஷ சுகரணம் 1883 இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டில் அவர் காலமானார்.

பகிர்தற்குரியது வேலை மாத்திரமன்று, துயரமுமாம். இலண்டனில் மைக்கேல் பாலின்ற் என்பார் பொது வைத்தியரைச் சிறு வட்டமாக இருத்தி, தம்மை வருத்திய நோயாளர் பற்றிப் பேசச் செய்தார். அவ்வநுபவத்தை 1957 இல் நூலாக்கினார். அங்கே தீர்ப்புக் கூறுவாரிலர், கேட்பாரே உளர். நம்மிடையேயும் இதற்கொப்பானது உண்டு. 1987 ஒக்ரோபர் 21, 22 ஆம் நாட்களில் யாழ்ப்பாண வைத்தியசாலையுள்ளே வைத்தியரும் தாதியரும் ஊழியரும் நோயாளரும் கொல்லப்பட்டனர். அவ்வைத்தியசாலையார் ஆண்டுதோறும் ஒன்றுகூடி அவர்களை நினைவுகூர்கின்றனர். தனித்தனியே தாங்கவொண்ணாததைக் கூடிநின்று தாங்கும் வழி அது.

இனி, சற்றுக் கசப்பான ஒன்று. பகலெல்லாம் அரசாங்க வைத்தியசாலையிலும், மாலை தொட்டு நள்ளிரவு வரை தனியார் நிலையத்திலும் நோயாளரைப் பார்ப்பவர், தமக்கு நித்திரை இல்லை என்று முறையிடுவதிற் பொருளில்லை. உலக மருத்துவச் சங்கம் 2017 இல் திருத்திய ஜெனீவாப் பிரகடனம், தன் உடல்நலத்தையும் நல்வாழ்வையும் பேணுவேன் என்பதையும் வைத்தியனின் உறுதிமொழியிற் சேர்த்தது. ஆகவே உறக்கம் கடமையின் பகுதியேயன்றி ஆடம்பரமன்று. தனக்கென வேறொரு வைத்தியரை வைத்துக்கொள்ளாது, தானே தனக்கு மருந்தெழுதும் வழக்கமும் விடத்தக்கது. ஆயினும் பழி முழுவதையும் வைத்தியர்மேற் சுமத்தல் தகாது. ஆளணி குறைந்த விடுதியில் ஓயாது கடமை செய்பவருக்குத் தியானம் பழகுக என்று மாத்திரம் உபதேசித்தல், பசித்தவனுக்குப் பாகசாத்திரம் போதித்தலை ஒக்கும்.

மருத்துவ பீடத்தை நோக்கி உயிரியல் பயிலும் மாணவர், விளையாட்டையும் இசையையும் பரீட்சையின் பொருட்டு முற்றாகக் கைவிடாதிருப்பாராக; பின்னாளில் அவை வேண்டப்படும். பழைய மாணவருள் வைத்தியராயிருப்போருக்கும் ஒரு விண்ணப்பம். திங்களுக்கொரு மாலை நம் கல்லூரி மண்டபத்திற் கூடுக. மேடையும் மாலையும் தலைமையுரையும் வேண்டா. பத்து நாற்காலியும் தேநீரும் போதும். ஆதார வைத்தியசாலையில் இரவுக்கடமை முடித்து வரும் இளையவர் முதலிற் பேசட்டும்.